ஐசியூவில் ரத்தம் உறைவதும் கசிவதும்: ஆபரேஷன் ஆனவர்களின் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐசியூவில் டாக்டராக இருக்கிறேன். தினமும் மதியம் வராண்டாவுக்கு வந்து வீட்டாரிடம் பேசும்போது ரத்தம் உறைவது பற்றி வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். புதிதாகச் சேரும் சிஸ்டர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் கேட்பதும் அதேதான், வார்த்தைகள்தான் வேறு. நின்றுகொண்டே 5 நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்று அவரை நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். அவர் சொல்வது புரியவும், அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் இது உதவினால் போதும்.

ரத்தம் உறையுறது நல்லதுதானே டாக்டர்? அதை எதுக்கு ஒரு பிரச்சினையா சொல்றீங்க?

நல்லதுதான், உறைய வேண்டிய இடத்தில் உறைந்தால். காய்கறி நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் பிளேட்லெட்டுகள் ஓடிவந்து அந்த இடத்தை அடைக்கும், அதன்மேல் ஃபைப்ரின் என்ற நார் வலை மாதிரிப் படர்ந்து இறுகும், காயம் ஆறியதும் உடம்பே அந்த வலையைக் கரைத்துவிடும். கட்டுவது, கட்டியது பரவாமல் தடுப்பது, வேலை முடிந்ததும் கரைப்பது என்று மூன்றும் எப்போதும் சேர்ந்தே நடந்துகொண்டிருக்கின்றன.

பெரிய ஆபரேஷன் ஆகி ஐசியூவில் படுத்திருப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போகின்றன. அசையாமல் படுத்திருப்பதால் கால் நரம்பில் ரத்தம் தேங்குகிறது, கத்தியும் கழுத்தில் போட்ட குழாயும் ரத்தக்குழாயின் உட்சுவரைச் சீண்டுகின்றன, காயமும் கிருமித் தொற்றும் ரத்தத்தையே உறையும் பக்கம் தள்ளுகின்றன. ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1850களில் சொன்ன மூன்று காரணங்கள் இவை, இன்றும் எங்கள் பாடம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆளுக்கு ஆபரேஷனில் நிறைய ரத்தம் போயிருந்தால், உறைய வைக்கும் சரக்கும் தீர்ந்திருக்கும். அதனால்தான் ஒரே நோயாளிக்குக் கால் நரம்பில் உறைந்த ரத்தக் கட்டியும் வயிற்றில் ரத்தக் கசிவும் ஒரே வாரத்தில் வருகின்றன. கட்டியும் கசிவும் நேரெதிர் நோய்கள் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே புரியும்.

நேத்துதான் வயித்துல ஆபரேஷன் பண்ணீங்க, இன்னிக்கே ரத்தம் உறையாம இருக்க ஊசி போடுறீங்களே, உள்ள கசியாதா?

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்த ஊசியில் தடுப்பு அளவு, சிகிச்சை அளவு என்று இரண்டு உண்டு. எனாக்ஸாபரின் என்ற மருந்தை வயிற்றுத் தோலுக்கடியில் தினம் 40 மில்லிகிராம் போடுவது தடுப்பு அளவு. கட்டி வந்துவிட்ட பிறகு போடுவது எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை. நேற்று ஆபரேஷன் ஆனவருக்கு இன்று போடுவது பெரும்பாலும் முதல் வகை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு இந்த மருந்து உடம்பில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்போம், அல்லது இதே குடும்பத்தின் பழைய மருந்தான சாதாரண ஹெப்பாரினுக்கு மாறுவோம்.

போடாமல் காத்திருக்கும் இடங்களும் உண்டு. மூளையிலோ தண்டுவடத்திலோ ஆபரேஷன் என்றால் அங்கே ஒரு ஸ்பூன் ரத்தம் கசிந்தாலும் ஆபத்து, ஆகவே சர்ஜன் சரி சொல்லும்வரை ஊசி கிடையாது. வலிக்காக முதுகில் எபிடியூரல் குழாய் வைத்திருந்தால், தடுப்பு ஊசி போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் அந்தக் குழாயை எடுப்போம், எடுத்து குறைந்தது 4 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஊசி. சிஸ்டர் ஊசியைத் தள்ளி வைத்தால் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், காரணம் கேளுங்கள்.

கால்ல காத்துப் பை மாட்டிப் பிடிச்சு விடுதே, அது மட்டும் போதாதா?

ஊசி போட முடியாத நாட்களில் அதுதான் துணை, அப்போது கழற்றாமல் வைத்திருப்பது முக்கியம். புழுக்கமாக இருக்கிறது என்று வீட்டார் கழற்றி ஓரமாக வைத்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஊசி போடும் நோயாளிக்கு அதோடு சேர்த்துப் பையும் மாட்டினால் கூடுதல் பலன் உண்டா என்று ஐசியூ நோயாளிகள் சுமார் 2,000 பேரிடம் பார்த்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது, கால் நரம்புக் கட்டி அதனால் குறையவில்லை. ஆகவே ஊசி போட முடிந்தால் ஊசிதான் முதலில். அப்புறம், பிசியோதெரபிஸ்ட் வந்து உட்கார வைக்கும்போது "பாவம், தூங்கட்டும்" என்று தடுக்காதீர்கள்.

கால் வீங்கவே இல்ல, வலியும் இல்ல, எப்படிக் கட்டி இருக்குன்னு சொல்றீங்க?

மயக்க மருந்திலும் வென்டிலேட்டரிலும் இருப்பவர் வலி என்று சொல்ல முடியாது. வீக்கத்தையும் நம்ப முடியாது, நிறைய சலைன் போன உடம்பில் இரண்டு காலுமே வீங்கித்தான் இருக்கும். ஒரு கால் மட்டும் மற்றதைவிடப் பருத்தால் சந்தேகப்படுவோம், ஆனால் அப்படி எதுவும் தெரியாமலும் கட்டி இருக்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. படுக்கை அருகிலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து தொடையிலும் முழங்கால் பின்புறமும் நரம்பை அழுத்திப் பார்ப்போம். நல்ல நரம்பு அழுத்தினால் தட்டையாகிவிடும், உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. கழுத்திலோ தொடை இடுக்கிலோ குழாய் போட்ட நரம்பையும் சேர்த்துப் பார்ப்போம், அங்கேயும் கட்டும்.

டி-டைமர்னு ஒரு டெஸ்ட் இருக்காமே, அதை எடுத்தா உடனே தெரிஞ்சிடாதா?

உறைந்த ஃபைப்ரின் கரையும்போது வெளிவரும் துணுக்குதான் டி-டைமர். நடந்து வருகிற, ஆபரேஷன் ஆகாத ஒருவருக்கு அது இயல்பாக இருந்தால் கட்டி இல்லை என்று ஓரளவு நிம்மதியாகச் சொல்லலாம். ஆபரேஷன் ஆனவருக்கோ தையல் போட்ட இடமெல்லாம் உறைந்து கரைந்துகொண்டிருப்பதால் அது ஏறித்தான் இருக்கும், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த எண்ணை மட்டும் பார்த்து எங்கள் ஐசியூவில் யாருக்கும் சிகிச்சை தொடங்குவதில்லை.

திடீர்னு ஆக்சிஜன் குறைஞ்சுது, நுரையீரல்ல கட்டின்னாங்க. கரைக்கிற ஊசி இருக்காமே, ஏன் போடல?

காலில் இருந்து கிளம்பிய கட்டி நுரையீரல் குழாயை அடைத்தால் அப்படித்தான் ஆகும். சிடி ஸ்கேனில் மருந்து செலுத்திப் பார்த்தால் கட்டி நேராகத் தெரியும். ஸ்கேனுக்குக் கொண்டுபோக முடியாத அளவு பிரஷர் இறங்கிவிட்டால் படுக்கையிலேயே எக்கோ பார்ப்போம், இதயத்தின் வலது அறை விரிந்து திணறுவது தெரியும்.

கரைக்கும் மருந்துக்கு நுரையீரல் கட்டி எது, நேற்று சர்ஜன் கட்டிய இடம் எது என்று தெரியாது, இரண்டையும் கரைக்கும். பெரிய ஆபரேஷன் ஆகி 2, 3 வாரத்துக்குள் அதைப் போட்டால் ஆபரேஷன் ஆன இடத்திலேயே கொட்டலாம். உயிர் போகும் நிலை என்றால் அந்த ஆபத்தையும் எடுக்க வேண்டி வரும், அப்போது உங்களை அழைத்துப் பேசிவிட்டுத்தான் செய்வோம். மற்றவர்களுக்கு நரம்பு வழியாக ஹெப்பாரினைச் சொட்டு சொட்டாகப் போடுவோம். அது பழைய மருந்துதான், ஆனால் நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேலை குறைந்துவிடும், புரோட்டமின் என்ற மாற்று மருந்தும் உண்டு. ஆபரேஷன் ஆனவருக்கு இந்த இரண்டு வசதியும் பெரிய விஷயம். வசதி உள்ள இடங்களில் குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுக்கவும் முடியும்.

பிளேட்லெட் 60 ஆயிரம்தான் இருக்கு, ஏன் இன்னும் ஏத்தாம வச்சிருக்கீங்க?

டெங்கு பார்த்துப் பழகிய ஊர் என்பதால் பிளேட்லெட் எண்ணைக் கேட்டதும் எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கிறது. 1.5 லட்சத்துக்குக் கீழே போனால் குறைவுதான், ஆனால் குறைவு என்பதும் ஏற்ற வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ரத்தம் கசியாமல் சும்மா படுத்திருப்பவருக்குப் பொதுவாக 10 ஆயிரம் வரை பொறுக்கலாம். கசிவு இருந்தால், அல்லது ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் 50 ஆயிரத்துக்கு மேல் வைக்கப் பார்ப்போம், மூளை என்றால் 1 லட்சம். ஏற்றினாலும் காரணம் சரியாகாதவரை அது நிற்காது, ஒவ்வாமை மாதிரியான தொல்லைகளும் வரலாம்.

எண்ணே பொய்யாகவும் இருக்கலாம். சிலர் ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஊதா மூடி டியூபில் இருக்கும் மருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மிஷின் குறைவாக எண்ணிவிடும். எதிர்பாராமல் குறைந்தால் நீல மூடி டியூபில் எடுத்து மறுபடி பார்ப்பதும், மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பதும் நல்லது. இன்னொன்று, பப்பாளி இலைச் சாற்றை பாட்டிலில் கொண்டுவந்து, நோயாளிக்குச் சாப்பாடு போகும் டியூபில் ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்கறையில் செய்வது எனக்குத் தெரியும். குடலில் புதிதாகத் தையல் போட்டவருக்குத் தயவுசெய்து டாக்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஐஎன்ஆர் 2 வந்திருக்கு, பிளாஸ்மா போட்டு சரி பண்ணிட வேண்டாமா?

ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்தான் ஐஎன்ஆர், அது ஏறினால் உறைய நேரமாகிறது என்று பொருள். பிளாஸ்மா என்பது ரத்தத்தில் அணுக்களை நீக்கிய திரவப் பகுதி. ஐஎன்ஆர் ஏறியிருந்தால் முதலில் ரத்தம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்ப்பேன். ஹெப்பாரின் போகும் குழாயிலிருந்து எடுத்தால், முக்கியமாக உறையும் நேரத்தைப் பார்க்கும் ஏபிடிடி என்ற இன்னொரு சோதனை, தாறுமாறாக வரும். நீல மூடி டியூப் பாதிதான் நிரம்பியிருந்தாலும் தவறாக வரும். ஆகவே கையில் புதிதாக ஊசி போட்டு எடுத்து இன்னொரு முறை அனுப்புவோம்.

உண்மையாகவே 2 என்றால், சாப்பாடு இல்லாமல் ஒரு வாரமாக ஆன்டிபயாட்டிக்கில் இருப்பவருக்கு வைட்டமின் கே குறைந்திருக்கும், அந்த ஊசியே போதும். மஞ்சள் காமாலையோடு பித்தக்குழாய் அடைப்பு இருப்பவருக்கும் அதேதான். ஈரல் கெட்டவர்கள் கதை வேறு, ஐஎன்ஆர் ஏறியிருப்பதால் அவர்களுக்குக் கட்டி வராது என்று நினைத்து ஏமாறக் கூடாது, நன்றாகவே வரும். கசிவே இல்லாதவருக்கு எண்ணை அழகாக்குவதற்காக பிளாஸ்மா போட்டால் தண்ணீர் ஏறி நுரையீரல் கெடும், பலன் கிடையாது.

டிரெயின்ல ரத்தம் வருது. தையல் விட்டுப்போச்சா, இல்ல ரத்தம் உறையலையா?

ஐசியூவில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது, ஏனென்றால் ஒன்றுக்கு மருந்து ரத்த வங்கியில் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. டிரெயினில், அதாவது ஆபரேஷன் ஆன இடத்தில் சேர்வதை வெளியே எடுக்க வைத்த குழாயில், மட்டும் சிவப்பாக, வேகமாக, கட்டி கட்டியாக வந்துகொண்டிருக்கிறது, மற்ற ஊசி போட்ட இடங்களெல்லாம் காய்ந்து கிடக்கின்றன என்றால் எங்கோ ஒரு ரத்தக்குழாய் திறந்திருக்கிறது. அதை எத்தனை பை பிளாஸ்மாவாலும் அடைக்க முடியாது, சர்ஜன் திறந்து பார்க்க வேண்டும். பல் ஈறு, மூக்கு, சிறுநீர்க் குழாய், பழைய ஊசி ஓட்டை என்று எல்லா இடத்திலும் மெதுவாக ஊறி, பாத்திரத்தில் விழுந்த ரத்தமும் உறையாமல் நின்றால் கோளாறு ரத்தத்தில் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்தும் வரும், திறந்த குழாயில் ரத்தம் போய்ப் போய் உறைய வைக்கும் சரக்கு தீர்ந்த பிறகு. அந்த நேரத்தில் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. நான் பயிற்சியில் இருந்தபோது இரவு 2 மணிக்கு அப்படி ஒரு ரிப்போர்ட்டுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், அதற்குள் நோயாளியின் பிரஷர் 60க்கு வந்துவிட்டது. அவர் பிழைத்தார். ஆனால் அதன்பின் சந்தேகம் வந்த நிமிடமே சர்ஜனை எழுப்பிவிடுகிறேன்.

ரத்தம் போகுதுன்னா ரத்தம் ஏத்துங்க. சூடான போர்வை, கால்சியம் எல்லாம் எதுக்கு?

உறைதல் என்பது உடம்புச் சூட்டில் நடக்கும் வேலை. வயிறு திறந்து 4 மணி நேரம் ஏசி தியேட்டரில் கிடந்து, ஃபிரிட்ஜிலிருந்து வந்த ரத்தம் ஏறிய உடம்பு 34 டிகிரிக்கு வந்தால் பிளேட்லெட்டும் மற்றவையும் மந்தமாகிவிடும். லேபில் ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் சோதிப்பார்கள், ஆகவே ரிப்போர்ட் நன்றாக இருக்கும், நோயாளி மட்டும் கசிந்துகொண்டே இருப்பார்! ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் இதே கதி. ரத்தப் பையில் உறையாமல் இருக்கப் போடும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. போர்வையும் கால்சியமும் விலை குறைந்தவை, இவற்றைக் கவனிக்காமல் ஏற்றும் ரத்தமெல்லாம் வீண்.

நிறைய ரத்தம் போனால் சிவப்பணு மட்டும் ஏற்றாமல் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் அதே விகிதத்தில் சேர்த்துக் கொடுப்போம். ஃபைப்ரின் நாராக மாறும் புரதமான ஃபைப்ரினோஜென் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அது செறிந்த கிரையோ என்ற பையும் கேட்போம். ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொல்வது இதற்காகத்தான், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கசிவை நிறுத்துற ஊசின்னு ஒண்ணு இருக்காமே, எல்லாருக்கும் போட்டா என்ன?

டிரானெக்ஸாமிக் அமிலத்தைச் சொல்கிறீர்கள். ஜப்பானில் உடாகோ, ஷோசுகே ஒகாமோட்டோ என்ற தம்பதி 1960களில் கண்டுபிடித்தது. உறைந்ததைக் கரைய விடாமல் பிடித்துவைக்கும். விபத்தில் அடிபட்ட 20 ஆயிரம் பேருக்கு மேல் 40 நாடுகளில் சேர்த்து, பாதிப் பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த கிராஷ்-2 ஆய்வு 2010இல் வந்தது, இறப்பு குறைந்தது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், தாண்டினால் கெடுதலாகவும் ஆகலாம். வயிறு, குடலுக்குள் கசியும் ரத்தத்துக்கு இது உதவவில்லை, நரம்புக் கட்டியும் கூடியது என்று 2020இல் வந்த ஹால்ட்-இட் ஆய்வு காட்டியது. ஆகவே யாருக்கு, எப்போது என்று பார்த்துத்தான் போடுவோம்.

டிஐசின்னு சொன்னாங்க. அதுக்கு வைத்தியமே இல்லன்னு போன்ல படிச்சோம், நெஜமா?

இல்லை, வைத்தியம் உண்டு. கடுமையான கிருமித் தொற்று மாதிரி ஏதோ ஒன்று தூண்டிவிட, உடம்பெங்கும் நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைந்து, அதிலேயே பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜெனும் தீர்ந்து, அப்புறம் கசிய ஆரம்பிப்பதுதான் டிஐசி. பிளேட்லெட், ஐஎன்ஆர் சோதனையில் ரத்தம் உறைய ஆகும் நேரம், ஃபைப்ரினோஜென், டி-டைமர் நான்குக்கும் மதிப்பெண் போட்டு, 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டிஐசி என்போம். டி-டைமர் தனியாக உதவாது என்று மேலே சொன்னேனே, இங்கே மற்ற மூன்றோடு சேரும்போது அது உதவுகிறது. ஒரு நாள் எண்ணைவிட, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது முக்கியம்.

வைத்தியம் அந்தத் தூண்டுதலை நிறுத்துவது. வயிற்றில் சீழ் இருந்தால் வெளியேற்ற வேண்டும், அழுகிய குடல் இருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் அதுவரை தாக்குப்பிடிக்கத்தான். "இவ்வளவு மோசமா இருக்கார், மறுபடி ஆபரேஷனா?" என்று கேட்பீர்கள். மோசமாக இருப்பதே அந்தச் சீழால்தான்.

ஹெப்பாரின் போட்டதாலேயே பிளேட்லெட் குறைஞ்சு கட்டியும் வந்துச்சாம். அது எப்படி சாத்தியம்?

அபூர்வம், ஆனால் நடக்கிறது, தவறவிட்டால் காலையோ உயிரையோ கொண்டுபோகும். சிலர் உடம்பு ஹெப்பாரினும் பிளேட்லெட்டின் ஒரு புரதமும் சேர்ந்த கூட்டை எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் செய்கிறது, அது பிளேட்லெட்டுகளையே தூண்டி உறைய வைக்கிறது. அதனால் எண்ணிக்கை குறையும், ஆனால் கசியாது, கட்டும். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளில் பிளேட்லெட் பாதிக்கு மேல் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். அண்மையில் ஏற்கனவே ஹெப்பாரின் போட்டவருக்கு முதல் நாளே இறங்கலாம்.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு அம்மாவுக்கு 7ஆம் நாள் 2.4 லட்சத்திலிருந்து 90 ஆயிரம் ஆனது. தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றினோம், கால் நீலமாகத் தொடங்கிய பிறகுதான் இது தோன்றியது. ஊசியை நிறுத்தினோம், ஆனால் குழாயைக் கழுவ ஹெப்பாரின் கலந்த நீரையே போட்டுக்கொண்டிருந்ததை மறுநாள் ஒரு சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். அந்தச் சொட்டுகூடப் போகக் கூடாது. நிறுத்தினால் மட்டும் போதாது, ஆர்காட்ரோபன், பைவாலிருடின், ஃபோண்டாபாரினக்ஸ் மாதிரி வேறு மருந்து உடனே தொடங்க வேண்டும், எதிர்ப்பொருள் சோதனை முடிவு வரும் முன்பே. பிளேட்லெட் ஏறும்வரை, ரத்தம் மெலிய வைக்கும் வார்ஃபரின் மாத்திரை கூடாது. எண் குறைவாக இருக்கிறதே என்று பிளேட்லெட் ஏற்றுவது பொதுவாக நெருப்பில் எண்ணெய்தான். இந்த விவரம் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், வாழ்நாள் முழுக்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சொல்லுங்கள்.

ஹெப்பாரின் பன்றியிலிருந்து எடுக்கிறதாமே?

ஆமாம், பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான், எனாக்ஸாபரினும் அதிலிருந்தே. உங்கள் நம்பிக்கைக்கு இது ஒவ்வாது என்றால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபோண்டாபாரினக்ஸ் முழுக்கச் செயற்கையாகச் செய்வது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். அதன் வேலையைச் சட்டென்று திருப்ப மாற்று மருந்து கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அப்பா ஹார்ட்டுக்காக ரத்தம் மெலிய மாத்திரை சாப்பிடுறார், அவசர ஆபரேஷன்னா என்ன பண்ணுவீங்க?

எந்த மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்கு, இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும். மாத்திரை அட்டையையே எடுத்து வாருங்கள். வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே ஊசியோடு உறைய வைக்கும் புரதங்களைச் செறிவூட்டிய பிசிசி என்ற மருந்தோ பிளாஸ்மாவோ கொடுத்துத் திருப்பலாம். டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற நேரடி மாற்று மருந்து உண்டு. அபிக்ஸாபன், ரிவராக்ஸாபனுக்குப் பொதுவாக பிசிசிதான் போடுகிறோம். புதிதாக ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும், அதை இதய டாக்டரோடு பேசாமல் யாரும் முடிவு செய்யக் கூடாது.

கட்டியும் இருக்கு, ரத்தமும் கசியுது. எதை முதல்ல பார்ப்பீங்க?

குறைந்த நேரத்தில் எது கொல்லுமோ அதை. வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துவோம், அந்தச் சில நாட்களுக்குக் காலில் உள்ள கட்டி நுரையீரலுக்குப் போகாமல் வயிற்றின் பெரிய நரம்பில் வலை மாதிரி ஒரு ஃபில்டர் வைக்கலாம். கசிவு நின்றதும் ஹெப்பாரினைக் குறைந்த அளவில் சொட்டாகத் தொடங்கி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, டிரெயினைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவோம். காலையில் ஒரு முடிவு, மாலையில் வேறு முடிவு என்று இருக்கும். "டாக்டருக்கு டாக்டர் மாத்தி மாத்திச் சொல்றாங்க" என்று நீங்கள் வருந்துவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான், மாறுவது நோயாளியின் நிலைமை. ஃபில்டர் வைத்தால் எப்போது எடுப்பார்கள் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எடுக்க மறந்த ஃபில்டர் பின்னால் தானே கட்டிக்குக் காரணமாகும்.

வீட்டுக்கு அனுப்புறாங்க, ஊசி இன்னும் எத்தனை நாள்?

ஆபரேஷனால் கட்டி வந்தவருக்குப் பொதுவாக 3 மாதம் மருந்து, பெரும்பாலும் மாத்திரையாக மாற்றித் தருவோம். கட்டி வராமல் தடுப்பதற்காக மட்டும் என்றால் பலருக்கு வீடு திரும்பும்போதே நின்றுவிடும். வயிற்றிலோ இடுப்புப் பகுதியிலோ புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் ஆனவருக்கு 4 வாரம் வரை தினம் ஊசி தொடரும், வீட்டில் ஒருவர் போடக் கற்றுக்கொண்டால் போதும், சிஸ்டரிடம் கேட்டால் சொல்லிக்கொடுப்பார். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ அடுத்த செக்கப் வரை பொறுக்காமல் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.